உறுதிப் பெட்டியும் பயணப் பெட்டியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒருவர் நிரந்தரமாகப் பிறநாடு செல்லத் தீர்மானித்துவிட்டார் என்பதை அயலார் பெரும்பாலும் அவர் வாய்மொழியால் அறிவதில்லை. வீட்டுக்கு நொத்தாரிசு வந்துபோவதைக் கண்டும், பல ஆண்டுகளாகக் கவனிப்பாரற்றுக் கிடந்த எல்லைவேலி திடீரெனப் புதுக் கதியால் போட்டு அடைக்கப்படுவதைக் கண்டும், நிலஅளவையாளர் ஒருவர் வளவின் நாற்புறமும் நடந்து திரிவதைக் கண்டுமே அறிகின்றனர். பயணப் பெட்டி பின்னர்தான் வாங்கப்படும். முதலில் திறக்கப்படுவது உறுதிப் பெட்டி. அலுமாரியின் அடித்தட்டிலே துணியிற் சுற்றி வைக்கப்பட்டிருந்த காணி உறுதிகள் மேசைமீது பரப்பப்படுகின்றன. முப்பாட்டன் காலத்துக் கையெழுத்து எழுத்துக்கூட்டி வாசிக்கப்படுகின்றது. குடாநாட்டைப் பொறுத்தவரை புலப்பெயர்வுக்கான ஆயத்தம், கொண்டுசெல்லும் பொருள்களிலும் பார்க்க விட்டுச்செல்லும் பொருள்களைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது. இதற்கு ஒரு வரலாறும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவிலே புகையிரதப் பாதைகள் அமைக்கப்பட்ட காலை, ஆங்கிலம் கற்ற எழுதுவினைஞரும் அளவையாளரும் அங்கே பெருமளவிற் தேவைப்பட்டனர். வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய செமினரி 1855இல் மூடப்பட்டதாயினும், அது தொடக்கிவைத்த ஆங்கிலக் கல்வி அதற்குள் குடாநாட்டில் வேரூன்றிவிட்டது. படித்தவர் பலர், உள்ளூரில் உத்தியோகமோ சில. எனவே இளைஞர் கப்பலேறினர். புகையிரத நிலைய அதிபர்களாகவும் தபாற்கந்தோர் எழுதுவினைஞராகவும் மருத்துவமனை உதவியாளராகவும் அமர்ந்தனர். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிற் கந்தசுவாமி கோயிலை எழுப்பினர். சிங்கப்பூரில் 1910இல் இலங்கைத் தமிழர் சங்கத்தை நிறுவினர். கோயிலும் சங்கமும் அமைத்தவர்கள் நிலைத்துவிட எண்ணியவர்கள் என்றே வெளியார் கருதுவர். ஆனால் அவர்களது ஆயத்தமோ திரும்பி வருபவரின் ஆயத்தம். மனைவி மக்களைச் சிலர் ஊரிலேயே விட்டுச் சென்றனர். உழைப்பு மணியோடராக ஊருக்கு வந்தது. அப்பணத்தில் ஒற்றிக் காணிகள் மீட்கப்பட்டன. மண்வீடு இருந்த இடத்திற் கல்வீடு எழுந்தது. மகளின் சீதன உறுதியிலே புதிதாக வாங்கிய வயல் சேர்க்கப்பட்டது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கிய 1905ஆம் ஆண்டின் பின்னர், விடுமுறையில் வந்துபோதலும் இலகுவாயிற்று. 'மலாயன் பென்சனியர்' என்றொரு வகையினர் ஊர்தோறும் சாய்மனைக் கதிரையிலே காட்சியளித்தமை முதியோர் பலர்க்கு நினைவிருக்கும்.

அந்த ஏற்பாட்டின் வலுவின்மை 1942 பெப்ரவரியிற் தெரியவந்தது. சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று; மணியோடர் நின்றது; மூன்றரை ஆண்டுகள் பல வீடுகளில் அடுப்பெரிவதே அரிதாயிற்று. ஆயினும் போர் முடிந்ததும் கடிதமும் பணமும் மீண்டும் வரத் தொடங்கின. கடல்கடந்தவர் ஊரவராகவே இருப்பர் என்ற நம்பிக்கை அவ்வளவில் உடையவில்லை. மலாயாவிலேயே தங்கிப் பிரசைகளாகிவிட்டோரின் காணிகளும் 'அவர் வருவார்' என்ற பேச்சோடு ஊரிற் கிடந்தன. 'போறன்' என்று சொல்லுதல் ஆகாது, 'போயிட்டு வாறன்' என்றே சொல்லவேண்டும் என்பது தமிழர் யாவர்க்கும் பொதுவான வழக்கு. யாழ்ப்பாணத்தவர் அதனைக் காணி விடயத்திலும் கடைப்பிடித்தனர் எனலாம்.

பின்னர் வந்தவை வேறுவகைப் பயணங்கள். 1956இல் நிறைவேறிய தனிச்சிங்களச் சட்டமும், 1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியிலே புகுத்தப்பட்ட தரப்படுத்தலும் படித்தவரை வெளிநாடு நோக்கித் திருப்பின. 1981 மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டது. 1983 யூலை இனவன்செயலின் பின்னரோ, போவதா விடுவதா என்ற வினாவே எழவில்லை. எவ்வழியாற் போவது என்பதே வினாவாயிற்று. 1980களின் நடுப்பகுதியிற் கிழக்கு பெர்லினுக்கு விமானத்திற் சென்று, அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குட் புகுந்தோர் பலர். 1986 ஓகஸ்ற் மாதத்திற் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருக்குண்டு மிதந்த தமிழர் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரை மீனவர் கரைசேர்த்தனர். இத்தகைய பயணங்களுக்கு ஆயத்தமென்று ஒன்று இருந்ததாயின், அது பணம் திரட்டுதலே. தோட்டம் ஈடுவைக்கப்பட்டது; தாயின் தாலிக்கொடி அடகுக் கடைக்குச் சென்றது; பயண முகவர் கேட்ட தொகை எப்படியோ சேர்ந்தது. 1990க்கும் 1995க்கும் இடையிலே குடாநாட்டை விட்டு வெளியேறுதற்கு விடுதலைப் புலிகளின் அனுமதியும் அதற்குப் பிணைநிற்பவரும் வேண்டியிருந்தது. கிளாலிக் கடனீரேரியை இருளிற் படகேறிக் கடக்கவும் வேண்டியிருந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தபோது, வீட்டைப் பூட்டவும் நேரமின்றிப் போனோர் பலர். உறுதிக்கட்டை மாத்திரம் துணிப்பையில் இட்டு மார்போடு அணைத்துச் சென்றோரும் பலர். 2006 ஓகஸ்றில் ஏ-9 பாதை மூடப்பட்டதன் பின்னர், இராணுவ அனுமதி பெற்றுக் கப்பலிலோ விமானத்திலோ அன்றி எவரும் வெளியேற இயலாதிருந்தது.

இதனால் நேர்ந்ததைக் குடிசனக் கணக்கு ஓரளவு காட்டும். 1981இல் இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் வாழ்ந்தோர் ஏறத்தாழ 738,000 பேர். 2012இல் ஏறத்தாழ 583,000 பேர். இயல்பான பெருக்கத்தையும் சேர்த்து நோக்கின் குறைவு இன்னும் பெரிது.

போர் 2009இல் முடிந்தபின் தொடரும் பயணங்களோ நாள் பார்த்து, நேரம் குறித்து, ஆறுதலாகச் செய்யப்படுபவை. ஆயத்தம் என்ற சொல் முழுப்பொருள் பெறுவது இப்பொழுதுதான். புறப்படுவோருட் குறிப்பிடத்தக்கவர் இருசாரார்: மணமுடித்துச் செல்லும் பெண்கள் ஒருசாரார், பிள்ளைகள் அழைக்க முதுமையிற் செல்லும் பெற்றோர் மறுசாரார். யேர்மனி 2007 முதலும் பிரித்தானியா 2010 முதலும், வாழ்க்கைத்துணையாக வருபவர் அடிப்படை மொழித் தேர்விற் சித்தியெய்த வேண்டும் என விதித்தன. ஆகவே கோப்பாயிலோ கரவெட்டியிலோ பிறந்த பெண்ணொருத்தி கழுத்திலே தாலி ஏறிய மறுமாதமே யேர்மன் மொழியின் வேற்றுமை உருபுகளை மனனஞ் செய்யத் தொடங்குகிறாள். தமிழின் எட்டு வேற்றுமைகளை நன்னூலிற் படித்தவளுக்கு யேர்மன் மொழியின் நான்கு அஞ்சத்தக்கனவல்ல. பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் காரணமின்றி ஒட்டப்பட்ட பால்வேறுபாடுதான் தொல்லை. மேசை ஆணாம், விளக்குப் பெண்ணாம்.

பெயரும் ஒரு சிக்கலே. தமிழர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரே முன்னிற்கும். விண்ணப்பப் படிவமோ குடும்பப்பெயரைக் கேட்கின்றது. கந்தையாவின் மகன் அந்நாட்டிற் 'திரு. கந்தையா' ஆகிறான், அவன் மனைவி, தான் ஒருநாளும் கண்டிராத மாமனாரின் பெயரால் அழைக்கப்படுகிறாள், அவர்களின் பிள்ளைகளும் கந்தையாக்களே. தந்தை பெயர் மகனோடு நின்று, அவன் பெயர் அவன் மகனுக்கு முன்பெயராகும் ஒழுங்கு அத்தோடு முடிவுறுகின்றது. பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயர்களை ஒன்றாக்கச் சத்தியக்கடதாசி முடிக்கவேண்டும். சான்றிதழ் ஒவ்வொன்றையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலப்படுத்தவேண்டும். பொலிஸ் அறிக்கையும் நெஞ்சுப் படமும் வேண்டும். எழுபது வயதுத் தாயொருத்தி தான் குற்றவாளியல்லள் எனப் பொலிஸ் நிலையத்தில் உறுதிபெற்று வரும் காட்சி நகைப்புக்குரியதாயினும், அவள் அதனைப் பெரும் பத்திரமாக உறையிலிட்டு வைத்துக்கொள்கிறாள்.

எனினும் இவையெல்லாம் அலுவலகங்களோடு முடியும் வேலைகள். காலம் எடுப்பதும் உறவுகளைச் சோதிப்பதும் காணியே.

குடாநாட்டுக் காணிக்கு ஒவ்வொரு துண்டுக்கும் பெயருண்டு. உறுதியிலே அப்பெயர் எழுதப்பட்டு, எத்தனை பரப்பு, எத்தனை குழி என அளவு கூறப்பட்டு, நான்கு எல்லைகளும் குறிக்கப்படும்: கிழக்கே இன்னார் காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாரும் பங்காளரும் என்றவாறு. கிணற்றிற் பங்கு, வழிவாய்க்கால் உரிமை, நின்ற பயன்மரங்கள் ஆகியனவும் தவறாது இடம்பெறும். ஆறில்லாத இச்சுண்ணாம்புக்கல் நிலத்திற் கிணற்றுப் பங்கு நிலத்திலும் மதிப்புடையது. ஆனால் இன்று அவ்வுறுதியை விரித்து எல்லைகளைச் சரிபார்க்க முனைவோர் ஒரு விசித்திரத்தைக் காண்கின்றனர். எல்லையாகக் குறிக்கப்பட்டவர்கள் யாவரும் கடல்கடந்துவிட்டனர். கிழக்கு எல்லை ரொறன்ரோவில். மேற்கு எல்லை சூரிச்சில். எல்லைக்கல்லைக் காட்டித்தர ஊரில் எஞ்சியிருப்பவர் அறுபது ஆண்டுகளுக்கு முன் அவ்வளவில் ஆடு மேய்த்த ஒரு முதியவராக இருத்தல் கூடும். உயர்பாதுகாப்பு வலயமாயிருந்து பின்னர் விடுவிக்கப்பட்ட மயிலிட்டி முதலிய இடங்களில் அந்த அளவுகூட இல்லை. 2017இல் அங்கே திரும்பியோர், வேலியும் ஒழுங்கையும் அழிந்த பற்றைக்காட்டிலே தம் கிணற்றைக் கொண்டே தம் வளவை அடையாளங்கண்டனர்.

விற்றுவிட்டுப் போவதே தெளிவான வழியென நகரத்தவர் கூறுவர். யாழ்ப்பாணத்திற் காணி விற்றல் அத்துணை எளிதன்று. ஒல்லாந்தர் 1707இற் தொகுப்பித்து, பன்னிரு முதலியார்கள் பார்வையிட்டு ஒப்புக்கொண்ட தேசவழமை, ஆங்கிலேயரால் 1806இற் சட்டவலு அளிக்கப்பட்டு இன்றும் நின்று நிலவுகின்றது. அதன்படி பங்காளருக்கும் உரித்தாளராக வரக்கூடியோருக்கும் முன்வாங்கும் உரிமை உண்டு. விற்க எண்ணுபவர் முதலில் அவர்க்கு அறிவித்தல் வேண்டும் என 1947ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் முறைப்படுத்தியது. பங்காளரோ ஐந்து நாடுகளிற் சிதறியுள்ளனர். ஒருவர் 'அப்பு வாழ்ந்த நிலம், விற்கக்கூடாது' என்பார்; ஆயின் வாங்கவும் மாட்டார், வந்து பார்க்கவும் மாட்டார். இன்னொருவர் தொலைபேசியை எடுப்பதேயில்லை. இதிலும் கடினமானது மணமான பெண்ணின் நிலை. சீதனமாகத் தன் பெயரில் எழுதப்பட்ட காணியாயினும், கணவனின் எழுத்துமூலமான சம்மதமின்றி அவள் அதனைக் கைமாற்ற இயலாது என 1911ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. கணவன் முன்னரே வெளிநாடு சென்றுவிட்டால் அங்குள்ள தூதரகத்தின் வழியே கையொப்பம் வரவேண்டும்; சென்றவன் தொடர்பற்றுப் போனால் மாவட்ட நீதிமன்றத்தை நாடவேண்டும். தன் தாய் தந்த நிலத்தை விற்க, தன்னைக் கைவிட்டவனின் பெயரைச் சொல்லி வழக்குத் தொடுக்கும் அவலம் இங்கே நிகழ்வதுண்டு. இவ்விதி நீக்கப்படவேண்டியதே என்பதிற் கருத்துவேறுபாட்டுக்கு இடமில்லை.

சட்டம் ஒருபுறமிருக்க, விற்பதற்குப் பெரும்பாலோர் மனமும் இசைவதில்லை. அதனால் நடுவழி ஒன்றை நாடுகின்றனர். அதுவே அற்றோணித் தத்துவம். தம்பிக்கோ மைத்துனனுக்கோ அதிகாரம் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகின்றனர். அத்தத்துவம் கொடுத்தவர் இறந்ததும் தானும் இறந்துவிடும் என்பதை நொத்தாரிசு எடுத்துரைப்பார், கேட்பவர் தலையசைப்பார். எழுபது வயதுத் தந்தை தம் மரணத்தை ஒரு சட்ட நிகழ்வாகக் கருதி உறுதி முடித்துவைப்பது அரிது. 'பிள்ளையள் பார்த்துக்கொள்ளட்டும்' என்பதே வழமையான விடை. பிள்ளைகளோ பிறநாட்டுப் பிரசைகள். 1987இற் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியே இரட்டைப் பிரசாவுரிமை பெற்றால் ஒழிய, 2014ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் காணி வாங்கவிடாது தடுக்கும். நெருங்கிய உறவினரென்ற முறையில் முதுசமாகப் பெறுதற்கு மாத்திரம் விலக்களிக்கும். ஆகவே தந்தை எழுதாது விட்ட காணி, தமிழில் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளை ஒருவனின் கையிற் பத்திரக்கட்டாக ஒருநாள் வந்துசேரும். அதிலுள்ள காணிப்பெயரை அவனுக்கு வாசித்துச் சொல்ல யார் இருப்பர் என்பது இப்பொழுதே எழுப்பப்படவேண்டிய வினா.

இவ்வாறு உறுதிகள் ஒருவாறு முடிந்தபின்னரே பயணப் பெட்டியின் முறை வருகின்றது. அவ்வேலை சமையலறையில் நிகழ்வது. செத்தல் மிளகாயும் கொத்தமல்லியும் பெருஞ்சீரகமும் வறுபடும் மணம் ஒழுங்கை முழுவதும் பரவும்போது, பயணம் இந்தக் கிழமைதான் என்று அயல் உறுதிசெய்துகொள்ளும். யாழ்ப்பாணத்துக் கறித்தூள் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கடைதோறும் கிடைக்கும் என்பதை மகள் தொலைபேசியிற் பலமுறை கூறியிருப்பாள். தாய் கேட்பதில்லை. ஒடியலும் புழுக்கொடியலும் பனங்கட்டியும் மோர்மிளகாயும் பருத்தித்துறை வடையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, பெட்டி தராசில் ஏற்றப்பட்டு, விமான நிறுவனம் விதித்த நிறைக்கு மேற்பட்டது கண்டு மீண்டும் அவிழ்க்கப்படும். அப்பொழுது வெளியே எடுக்கப்படுவது எப்பொழுதும் அவளுடைய சேலைதான். தூள் எடுக்கப்படுவதில்லை.

சுவாமி அறைப் படங்களைக் கொண்டுசெல்வதா விடுவதா என்பது ஒரு தருமசங்கடம். வேலும் விளக்கும் சிறியவையாயின் பெட்டியில் ஏறும். வளவு மூலையிலே பரம்பரையாகப் பொங்கல் வைக்கப்படும் வைரவர் சூலம் ஏறாது. அதற்கு விளக்கேற்றும் பொறுப்பை யாரேனும் ஏற்கவேண்டும். நல்லூரிலும் செல்வச்சந்நிதியிலும் நேர்த்தி தீர்த்தாயிற்று. ஆனால் வைரவர் விடயம் விமான நிலையம் வரை மனத்தை அரித்துக்கொண்டே செல்லும்.

முதியவர் எவரும் வாய்விட்டுப் பேசாத பொருள் ஒன்று உண்டு. தாம் எங்கே தகனமாவது என்பதே அது. கீரிமலைக் கடலிற் சாம்பர் கரையவேண்டும் என்பது வலிகாமத்தார் பலரின் எண்ணம். கனடா 2011 டிசம்பரில் பெற்றோர்க்கென அறிமுகஞ்செய்த நீண்டகால விசா, குடியுரிமையின்றியே ஆண்டுக்கணக்கிற் தங்கியிருக்க இடமளித்தது. யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் மனநிலைக்கு அது மிகவும் பொருந்திற்று: போனதுமாகும், போகாததுமாகும். ஆயின் உடல் அந்த ஏற்பாட்டை மதிப்பதில்லை. முதற் பனிக்காலத்தில் மூட்டு பிடித்துக்கொள்ளும். மருத்துவர் பயணம் ஆகாது என்பார். 'அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்கு' என்ற பேச்சு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். யாழ்ப்பாணப் பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களைத் தொடர்ந்து வாசிப்பவர்க்கு முடிவு தெரியும். பிறந்த இடம் ஓர் ஊராகவும் வதிவிடம் ஒரு நாடாகவும், மக்கள் பெயர்களின் பின்னே அடைப்புக்குறிக்குள் நான்கைந்து நாடுகளாகவும் அவை அமைந்திருக்கும்.

புறப்படுமுன் எஞ்சும் கடைசி அலுவல் கிணறு. இறைக்காத கிணற்றிற் பாசி படரும், நீர் கெடும் என்பது யாவரும் அறிந்ததே. வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிடலாம். கிணற்றைப் பூட்டினால் அது பாழாகும். எனவே பக்கத்து வீட்டார் வந்து அள்ளிக்கொள்ளட்டும் என்பதே இயல்பான ஏற்பாடு. அவர்களுக்கு நல்ல நீர். இவர்களுக்குக் கிணற்றுப் பராமரிப்பு. நூறாண்டுகளாக வார்த்தைப்பாட்டில் நடந்துவந்தது இது. ஆனால் இன்று நொத்தாரிசு ஓர் எச்சரிக்கை சொல்கிறார். உரிமையாளரின் உரித்தை ஏற்காது பத்தாண்டுகள் இடையறாது ஒருவர் ஆண்டுவந்தால், 1871ஆம் ஆண்டின் சட்டப்படி அந்நிலத்துக்கு அவர் உரிமை கோரலாம். போரினால் இடம்பெயர்ந்தோர்க்காக, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கிற் சேர்க்காது விடுதற்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. இன்று விரும்பிப் போகிறவர்க்கு அச்சட்டம் துணையாகாது. கடல்கடந்திருத்தலைப் பழைய சட்டமும் ஓரளவு கருத்திற் கொள்ளுமாயினும், அதனை வழக்கில் நிறுவுதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிடும். அனுமதியோடு பயன்படுத்துபவர் அவ்வாறு உரிமைகோர இயலாது. ஆகையால் அனுமதி என்பதை எழுத்திற் பெற்றுக்கொள்ளுங்கள் என்பதே அவரது ஆலோசனை.

அவர் சொல்வது சரியே. அரைப்பக்கக் கடிதம் போதும். 'உங்கள் சம்மதத்தோடு தண்ணீர் அள்ளுகிறேன், வளவைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று பக்கத்து வீட்டார் எழுதிக் கையொப்பமிட்டால் முடிந்தது. அக்கடிதத்தைத் தட்டச்சிட்டு எடுத்துக்கொண்டு வேலிக்கு அப்பால் நடந்து செல்வதுதான் கடினம். இடப்பெயர்விலே ஒரே மரநிழலிற் படுத்தவர்கள் அவர்கள். பிள்ளைப்பேற்றுக்கு வாகனம் பிடித்துத் தந்தவர்கள். திவசத்துக்கு முதற் படையல் அனுப்பப்படும் வீடு அது. 'எங்களை நம்பாமலோ அண்ணை?' என்ற ஒரு கேள்வி வந்துவிட்டால் விடை சொல்ல இயலாது. கேளாது போனாலோ, பத்து ஆண்டுகளின் பின் இருவீட்டுப் பிள்ளைகளும் நீதிமன்றிற் சந்திக்க நேரலாம். சிலர் கடிதத்தைக் கொடுத்துக் கையொப்பம் பெறுகின்றனர். அந்நாள் முதல் அவ்வீட்டிலிருந்து கறி வருவது நின்றுவிடுகிறது. பலர் கடிதத்தை உறுதிப் பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்துவிட்டு, வாளியையும் கயிற்றையும் வேலிக்கு மேலாற் கொடுத்து, 'கிணறு பாசி பிடியாமல் பார்த்துக்கொள்ளுங்கோ, போயிட்டு வாறம்' என்று சொல்லிப் புறப்படுகின்றனர்.